ஜிடேனைக் கட்டிப்போட்ட ஸ்காட்லாந்துக்காரர் யார்? – நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. "97 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல ஜிடேனை ஒரு ஸ்காட்லாந்து வீரர் ஆடவே விடலைன்னு சொல்றாங்களே, அது யாரு? அவ்வளவு நல்ல ஆட்டக்காரர்னா ஏன் சீக்கிரமே ஊருக்குத் திரும்பிட்டாரு?"ன்னு ஒரு நேயர் கேட்டிருக்காரு. நல்ல கேள்வி. சாம்பியன்ஸ் லீக்னா ஐரோப்பாவோட கால்பந்து கிளப்புகள் மோதுற பெரிய கோப்பை.

அவர் பேரு பால் லாம்பர்ட். ஸ்காட்லாந்துல செயின்ட் மிரன் கிளப்புல ஆரம்பிச்சவரு. 17 வயசுலேயே, 1987-ல, அந்த டீமோட ஸ்காட்டிஷ் கப் ஜெயிச்சிட்டாரு. அப்புறம் இன்னொரு ஸ்காட்லாந்து கிளப், மதர்வெல். 1996-ல அங்க கான்ட்ராக்ட் முடியுது. அதுக்குச் சில மாசம் முன்னாடிதான் போஸ்மான் தீர்ப்பு வந்திருந்துச்சு. கான்ட்ராக்ட் முடிஞ்ச ஆளு, பழைய கிளப்புக்குக் காசு எதுவும் கொடுக்காம ஐரோப்பாவுல வேற நாட்டு கிளப்புக்குப் போகலாம்னு ஆச்சு. இவரு ஹாலந்துல பி.எஸ்.வி. கிளப்புக்கு ட்ரையல் போனாரு, அங்க எடுக்கல. அடுத்து ஜெர்மனியில போருசியா டார்ட்முண்ட். அங்க எடுத்துக்கிட்டாங்க.

இங்கதான் கோச் ஓட்மார் ஹிட்ஸ்ஃபெல்டைப் பத்திச் சொல்லணும். மதர்வெல்ல முன்னாடி ஏறி ஆடிக்கிட்டிருந்தவரை, டிஃபென்ஸுக்கு முன்னாடி நிக்கிற மிட்ஃபீல்டரா மாத்தினது அவர்தான். சம்மர், மோல்லர், கோலர்னு பெரிய பெரிய ஆளுங்க இருந்த டீம் அது. அதுல இந்த மதர்வெல் பையன் நிலையா இடம் பிடிச்சாரு. சாம்பியன்ஸ் லீக் செமி ஃபைனல்ல மான்செஸ்டர் யுனைடெட்டை ரெண்டு ஆட்டத்துலயும் 1-0-ன்னு ஜெயிச்சாங்க.

மே 28, 1997, மியூனிக் ஒலிம்பிக் ஸ்டேடியம். எதிர்ல முந்தின வருஷ சாம்பியன் யுவென்டஸ். லாம்பர்ட்டுக்குக் கொடுத்த வேலை, யுவென்டஸோட பிரெஞ்சு நட்சத்திரம் ஜிடேனை ஆட விடாம தடுக்கிறது. அந்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்க. சும்மா பின்னாலேயே ஓடி, கால்ல தட்டி நிறுத்தின ஆட்டம் இல்ல அது. ஜிடேனுக்குப் பந்து வர்ற வழியில முன்கூட்டியே போய் நிப்பாரு. அப்படியும் பந்து வந்துட்டா, ஜிடேன் கோலைப் பார்த்துத் திரும்ப இடம் இருக்காது, பின்னாடிதான் தள்ளிவிடணும்.

எல்லாரும் மறந்துடுற விஷயம் ஒண்ணு இருக்கு. 29-வது நிமிஷம், முதல் கோல். வலது பக்கத்துலேருந்து கிராஸ் போட்டது இதே லாம்பர்ட்தான்! டார்ட்முண்டோட ரீட்லே அதை நெஞ்சுல வாங்கி இறக்கி அடிச்சாரு. 3-1-ன்னு டார்ட்முண்ட் ஜெயிச்சாங்க. 1992-ல சாம்பியன்ஸ் லீக்னு பேர் மாத்தின பிறகு அந்தக் கோப்பையை ஜெயிச்ச முதல் பிரிட்டிஷ் வீரர் இவரு. அதனால "ஜிடேனை மார்க் பண்ணினவர்"னு மட்டும் இவரைச் சொன்னா எனக்கு மனசு ஒப்பாது.

இப்போ ரெண்டாவது கேள்வி. ஆறே மாசத்துல, நவம்பர் 97-ல, குடும்பத்துக்காக ஊர் திரும்பி, ஸ்காட்லாந்து கிளப் செல்டிக்ல சேர்ந்தாரு. ஆட்டம் மங்கிப்போய் வந்தவர் இல்லைங்க. டார்ட்முண்ட் ரசிகர்கள் அவ்வளவு பாசத்தோட வழியனுப்பி வெச்சாங்க. அந்த சீசன்ல செல்டிக்கோட பரம எதிரி ரேஞ்சர்ஸ் தொடர்ந்து பத்தாவது தடவை ஸ்காட்லாந்து லீக் ஜெயிக்கப் பார்த்தாங்க. செல்டிக் ஜெயிச்சு அதை நிறுத்துச்சு, லாம்பர்ட் அந்த நடு மைதானத்துல இருந்தாரு. 98 உலகக் கோப்பையில ஸ்காட்லாந்துக்காக பிரேசிலோட முதல் ஆட்டத்துல ஆடினாரு. 2001-ல செல்டிக்கோட மூணு உள்நாட்டுக் கோப்பையும் ஜெயிச்சாரு, 2003-ல ஐரோப்பாவோட ரெண்டாம் நிலைக் கோப்பையான யுஇஎஃப்ஏ கப் ஃபைனல் வரைக்கும் போனாரு. அங்க மொரின்யோ கோச்சா இருந்த போர்ட்டோகிட்ட 3-2-ன்னு தோத்தாங்க.