கப்பல் மெதுவாகவே போகட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கு நிறைய அமர்ந்திருக்கும் மாங்கா என்ற ஜப்பானியப் படக்கதை வாசகர்களே, வணக்கம்.

'ஒன் பீஸ்' கடற்கொள்ளையர் கதை, ராட்சதர்களின் நாடான எல்பாஃப் என்ற அடுத்த நெடும்பகுதிக்குள் நுழைந்திருப்பது வாசகருக்கு வரமா, சோதனையா? வரமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கணக்கோடு வந்தார். 1997 ஜூலையில் தொடங்கிய கதை இன்னும் முடியவில்லை. இதை எழுதி வரையும் எய்ச்சிரோ ஓடா முதலில் நினைத்ததோ ஐந்தே ஆண்டு. வானோ நாட்டுப் பகுதி மட்டும் 2018 முதல் 2022 வரை 149 அத்தியாயம் இழுத்தது. இறுதிக் கட்டம் என்று அறிவித்த பிறகும் புதுத் தீவு, புது முகங்கள் என்றார். கணக்கு சரிதான் ஐயா. ஆனால் அந்த 149 அத்தியாயத்துக்குள் என்ன இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னாரா?

நான் சொல்கிறேன். டோகோ என்று ஒரு சின்னப் பெண். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். நாட்டை ஆளும் ஓரோச்சியின் விருந்திலேயே சிரித்து, அவன் கோபத்துக்கு ஆளாகிறாள். வாயாடிக் குழந்தை, துடுக்குத்தனம் என்று நினைத்துக்கொண்டு நாமும் பக்கத்தைப் புரட்டிவிட்டோம். வாரங்கள் போகின்றன. அவளுடைய அப்பாவை ஊர் நடுவே கம்பத்தில் கட்டிச் சுட்டுக் கொல்கிறார்கள். டோகோ அப்பா, அப்பா என்று ஓடி வருகிறாள். கண்ணில் நீர் கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது. எபிசு ஊர் மக்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். செத்த மனிதனைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று நம் கடற்கொள்ளையர் கும்பலின் வாள்வீரன் ஸோரோ கொதிக்கிறான். அப்போதுதான் உண்மை தெரிகிறது. சக்தி தருவதற்காகச் செயற்கையாக உருவாக்கி, வீணாய்ப்போன ஸ்மைல் பழங்களின் மிச்சத்தைப் பசிக்கொடுமையால் தின்றவர்கள் அவர்கள். அழுகையைக்கூட முகத்தில் காட்ட முடியாது. அவர்களுக்கு மிஞ்சியது சிரிப்பு ஒன்றுதான்.

நடுவர் அவர்களே, இந்தக் காட்சியைப் பத்து அத்தியாயத்தில் முடிகிற கதையில் வைத்துப் பாருங்கள். டோகோவோடு நாமும் சிரித்துப் பழக நேரம் இருக்குமா? பழகாத குழந்தைக்காக நெஞ்சு இப்படிப் பதறுமா? அன்றைக்கு நான் அடுத்த பக்கத்துக்குப் போகவே இல்லை. ஒரு சர்வாதிகாரி கெட்டவன் என்று வசனத்தில் சொல்ல ஒரு கட்டம் போதும். அவன் ஆட்சியில் ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்ட ஊர் ஊராகத்தான் நடக்க வேண்டும்.

வானோ பகுதியின் இறுதியில் வரும் ஒனிகாஷிமா தீவுச் சண்டை சில இடங்களில் நீண்டது என்று இரண்டாவதாகப் பேசிய சகோதரி சொன்னார். ஒப்புக்கொள்கிறேன். நீண்டதுதான். அதற்காக ஊர்க் காட்சிகளையும் சேர்த்து வெட்டச் சொல்வது நியாயமில்லை.

ஓடா அடிக்கடி விடுப்பு விடுகிறார் என்றும் ஒரு புகார். சகோதரி, வாரம் பதினேழு பக்கம் அளவில் வரைகிற மனிதர் அவர். 2023-இல் கண் அறுவை சிகிச்சைக்காகத்தான் நான்கு வாரம் தொடரை நிறுத்தினார். அந்தக் கண்ணை நம்பித்தானே இத்தனை பேர் காத்திருக்கிறோம்? அவர் எடுத்துக்கொள்ளட்டும் ஓய்வு, நமக்கென்ன அவசரம்?

இப்போது எல்பாஃபுக்கு வருகிறேன். 2024 செப்டம்பரில் தொடங்கிய இந்தப் பகுதிக்கு விதை போட்டது லிட்டில் கார்டன் தீவில், ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்கு முன்னால். டோரி, ப்ரோகி என்று இரண்டு ராட்சத வீரர்கள். காரணமே மறந்துபோன ஒரு சண்டையை நூறு வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தவர்கள். தீவையே விழுங்கும் மீன் வாயைத் திறந்து நிற்க, நம் கும்பலின் கப்பலைப் பார்த்து நேராகப் போ என்கிறார்கள். பயத்தில் கும்பலில் ஒருவனான உசோப்புக்குக் கால் நடுங்குகிறது. ஆனாலும் கப்பலைத் திருப்பவில்லை. தங்களிடம் மிஞ்சிய ஆயுதம் உடைந்து சிதற, அந்த மீனைப் பிளந்து வழிவிடுகிறார்கள் இருவரும். அன்றைக்கு அவன் சபதம் செய்தான், ஒருநாள் எல்பாஃபுக்குப் போவேன் என்று. அதே டோரியும் ப்ரோகியும்தான் எல்பாஃபுக்கு முந்தைய பகுதி நடந்த எக்ஹெட் தீவுக்கு வந்து, உசோப்பின் கும்பலைத் தங்களோடு அழைத்துப் போனார்கள்.

பொய்யனாக, பயந்தாங்கொள்ளியாக அறிமுகமான ஒருவன் இத்தனை காலம் சுமந்த ஆசை அது. கூடவே வளர்ந்தவர்கள் நாம். அவன் அந்த மண்ணில் கால் வைத்த பிறகு, சீக்கிரம் பார்த்துவிட்டுக் கிளம்பு என்று சொல்ல எதிரணிக்கு எப்படி மனம் வருகிறது? அதை மட்டும் அடுத்துப் பேச வருகிறவர் சொல்லிவிட்டுப் போகட்டும். நன்றி, வணக்கம்.