பலகையில நிண்ட அம்மாவும் மேலால வந்த ஹெலியும்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். மெய்நிகர் உலகம் எண்டு பத்திரிகையில எழுதுகினம், பெடியள் வாயில வாறது விஆர் எண்டுதான், நானும் அப்பிடியே சொல்லுறன். கண்ணையும் காதையும் மூடி வேற உலகத்தைக் காட்டுற அந்த ஹெட்செட்டை தலையில கொழுவினா மனுசன்ட மனமும் நடத்தையும் என்ன ஆகுது எண்டு கதைக்கச் சொல்லி கூப்பிட்டிருக்கினம். நான் உளவளத்துணை செய்யிற ஆள், அதால மெசினை விட்டிட்டு அதைப் போடுற மனுசரைப் பற்றித்தான் கதைப்பன்.

போன ஆவணியில அக்கான்ட மகன் நல்லூர்த் திருவிழாவுக்கு எண்டு கனடாவில இருந்து குடும்பத்தோட வந்தவன், வரேக்க ஒரு ஹெட்செட்டும் கொண்டந்தவன். பிள்ளையள் எல்லாம் மாறி மாறிப் போட்டு முடிய, “அம்மம்மா நீங்களும் ஒருக்காப் பாருங்கோவன்” எண்டு அம்மாக்கும் கொழுவி விட்டிட்டான். அம்மாக்கு 73 வயசு. அதில ஒரு லிஃப்ட் மேல போகுது, கதவு திறந்தா கட்டிடத்துக்கு வெளியால ஒரு பலகை நீட்டிக்கொண்டு நிக்குது, அதில நடக்கவேணும். அம்மா நிண்டது எங்கட விறாந்தைச் சீமெந்தில, வெறுங்கால், சீமெந்தின்ட குளிர் காலில படும், பக்கத்தில நாங்கள் கதைக்கிறதும் கேக்கும், ஆனா கால்விரல் பத்தும் நிலத்தைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி மடங்கிப்போச்சு. “இது பொய்தானே தம்பி, எனக்குத் தெரியும்” எண்டு சொல்லிச் சொல்லியே என்ர கையை நசிச்சுப் பிடிச்சிருக்கிறா.

அதோட கழட்டியிருக்கவேணும். விஆருக்குள்ள இருந்த அந்த நகரத்துக்கு மேலால ஒரு ஹெலி, ஹெலிகொப்டர்தான், சுத்தி வந்திது. அம்மா கத்தேல்லை. அப்பிடியே குந்தினா, பிறகு குப்புறப் படுத்தா, ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கொண்டு வாயைக் கொஞ்சம் திறந்து வைச்சிருந்தா. ஏன் வாயைத் திறந்தவ எண்டு சண்டைக்க பங்கருக்க, பதுங்குகுழிக்க, இருந்து எழும்பின ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, குண்டுச் சத்தத்தில காது பழுதாகாம இருக்க எண்டு செய்யிறது. மருமகனுக்கு விளங்கேல்லை, அவன் அங்க பிறந்த பிள்ளை. ஹெட்செட்டைக் கழட்டி தண்ணி குடுத்தும் அம்மான்ட கைநடுக்கம் நிக்க கனநேரம் எடுத்தது.

இதைத்தான் ஆராய்ச்சிக்காரர் கன வருசமாப் பாத்துக்கொண்டு வருகினம். அமெரிக்காவில வட கரோலினா பல்கலைக்கழகத்தில, 2002இல வெளிவந்த ஆய்வு ஒண்டில, அறைக்கு நடுவில ஆழமான குழி ஒண்டைக் காட்டி ஆக்களை விளிம்பில நிக்க விட்டவை. எல்லாருக்கும் தெரியும் குழி இல்லை எண்டு, எண்டாலும் இதயத்துடிப்பு ஏறினது. பிறகு விளிம்பு இருக்கிற இடத்தில உண்மையாவே ஒண்டரை அங்குல உயரத்தில ஒரு மரப்பலகையை வைச்சு, அதில காலை வைக்க விட்டவை, இதயத்துடிப்பு இன்னும் கூடிப்போச்சு. ஒண்டரை அங்குலம்! கண்ணுக்குத் தெரியிறதும் காலுக்குத் தட்டுப்படுறதும் ஒத்துப்போனா உடம்பு நம்பிவிடும், அறிவு சொல்லுறதுக்குக் காத்திருக்காது.

மெல் ஸ்லேட்டர் எண்டு லண்டனிலயும் பார்சிலோனாவிலயும் வேலை செய்த ஆய்வாளர் ஒருத்தர், இதை ரெண்டாப் பிரிச்சுச் சொல்லுவார்: “நான் அங்கதான் நிக்கிறன்” எண்ட மயக்கம் ஒண்டு, “இது நடக்குது” எண்ட மயக்கம் மற்றது. 2006இல அவரின்ட குழு செய்த ஒண்டு எனக்கு மறக்கவே ஏலாது. 34 பேர், விஆருக்குள்ள ஒரு பொம்பிளை, வரைஞ்ச உருவம்தான். அவ பிழையா விடை சொன்னா இவை அவவுக்குக் கரண்ட் அடிக்கவேணும், ஒவ்வொரு முறையும் கூட்டிக் கூட்டி. 23 பேருக்கு அவவின்ட முகமும் குரலும், 11 பேருக்கு வெறும் எழுத்து மட்டும். எழுத்து மட்டும் கண்ட 11 பேரும் கடைசி அடி வரைக்கும் போனவை. அவ வேண்டாம் வேண்டாம் எண்டு சொல்லுறதைக் கண்ட 23 பேரில 6 பேர் இடையில நிப்பாட்டிப்போட்டினம், மிச்ச ஆக்களின்ட உடம்பும் பதட்டத்தைக் காட்டினது. இல்லாத ஒரு பொம்பிளைக்கு நோகுமெண்டு மனுசர் கையை எடுக்கினம் பாருங்கோ. எனக்கு இதில பயமும் இருக்கு, மனுசரில நம்பிக்கையும் இருக்கு.

சரி, அப்ப அம்மாக்கு வந்த பயத்தை இதே சாமானால மாத்த ஏலாதோ எண்டு கேப்பியள். ஏலும். 1995இலயே பார்பரா ரோத்பாம் எண்டவவும் லரி ஹொட்ஜஸ் எண்டவரும் அட்லாண்டாப் பக்கம் உயரத்துக்குப் பயந்த ஆக்களை விஆரில பாலத்திலயும் பல்கனியிலயும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி இறக்கிப் பாத்தவை, பயம் குறைஞ்சது. பேந்து அதே குழு வியட்நாம் யுத்தத்துக்குப் போய் வந்த படையாக்களுக்குச் செய்தவை, அதுக்குள்ள இருந்தது என்ன தெரியுமோ, ஒரு ஹெலியும் காட்டுக்க ஒரு வெளியும். அதே ஹெலிதான். ஆனா அங்க அந்த ஹெலி நினைச்ச நேரத்தில வராது. பக்கத்தில சிகிச்சையாளர் இருப்பார், என்ன வருது எண்டு நினைக்கிறியள், எங்க நோகுது எண்டு கேட்டுக் கேட்டு, தாங்கக்கூடிய அளவுக்குச் சத்தத்தைக் கூட்டி, பயம் தானா இறங்குமட்டும் அதுக்குள்ளயே வைச்சிருந்து, திரும்பத் திரும்பச் செய்து, அந்தச் சத்தம் வந்தாலும் எனக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டு உடம்பு புதுசாப் பழகவேணும். எங்கட விறாந்தையில நடந்ததுக்கும் இதுக்கும் அதுதான் வித்தியாசம்.

ஒக்ஸ்ஃபோர்ட்டில டானியல் ஃபிரீமனின்ட குழு 2018இல 100 பேரோட செய்த ஆய்வில சிகிச்சையாளரே இல்லாம, விஆருக்குள்ள இருக்கிற பயிற்றுநர் உருவம்தான் வழி சொன்னது, உயரப் பயம் சராசரியா 68 வீதம் குறைஞ்சது எண்டு சொல்லீனம். நல்ல விசயம். ஆனா உயரப் பயம் வேற, சண்டையில செல்லடி தந்த பயம் வேற. மனவடு உள்ள ஒருத்தரை ஆளில்லாம அதுக்குள்ள விடுறதுக்கு நான் ஒருநாளும் சம்மதிக்கமாட்டன்.

இன்னொரு பக்கமும் இருக்கு. விஆருக்குள்ள எங்களுக்குத் தாற உடம்பும் எங்களை மாத்துது. 2007இல ஸ்டான்ஃபோர்ட்டில நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் ரெண்டு பேரும், உயரமான உருவம் கிடைச்ச ஆக்கள் காசு பிரிக்கிற பேரத்தில விட்டுக்குடாம நிண்டதைக் கண்டவை. அதைவிட எனக்கு முக்கியமாப் படுறது தோல் நிற ஆய்வுதான். 2013இல வெள்ளைக்காரரைக் கறுப்பு உடம்புக்குள்ள விட்டு, கையை அசைச்சா அந்தக் கையும் அசையிற மாதிரிச் செய்யேக்க கறுப்பு ஆக்களில இருந்த உள்மனசு ஓரவஞ்சகம் குறைஞ்சது எண்டு வந்தது, ஆனா அதுக்கு முதல் 2009இல வேற ஒரு குழு செய்யேக்க கூடிப்போச்சு எண்டு வந்தது. ஊரில சில பேர் என்னட்டக் கேக்கினம், சாதி பாக்கிறவையை இப்பிடி மற்ற ஆளின்ட உடம்புக்குள்ள விட்டா திருந்துவினமோ எண்டு. பத்து நிமிசம் ஹெட்செட் போட்டுத் திருந்துறதெண்டா நல்லாத்தான் இருக்கும், நான் அதை நம்பேல்லை. கிணத்தில தண்ணி அள்ள விடாதவன் ஹெட்செட்டைக் கழட்டிப்போட்டு அதே வளவுக்குத்தான் திரும்பப் போறான்.

பிள்ளையளைப் பற்றிச் சொல்லாம விடேலாது. 2009இல பெய்லன்சனும் கத்ரின் செகோவியாவும் சின்னப் பிள்ளையளுக்கு, அவை திமிங்கிலத்தோட நீந்தின மாதிரி விஆரில காட்டினவை. ஒரு கிழமை கழிச்சுக் கேக்க, தொடக்கப் பள்ளிப் பிள்ளையள் சில பேர் தாங்கள் உண்மையா நீந்தினதெண்டு சொல்லிச்சினம். பொய் சொல்லேல்லை அதுகள். அதுகளின்ட ஞாபகத்தில அது நடந்துபோச்சு.

இதை ஏன் இறுக்கிச் சொல்லுறன் எண்டா, அம்மா நடுக்கம் தீர்ந்து தேத்தண்ணி குடிச்சாப் பிறகு மருமகனைக் கூப்பிட்டுக் கேட்டவ, “தம்பி, உதுக்குள்ள பலாலி வளவைக் காட்டேலுமோ?” எண்டு. 1990இல சண்டையால விட்டிட்டு வெளிக்கிட்ட எங்கட வளவு, வீடு இப்ப இல்லை, காணியும் இன்னும் கைக்கு வரேல்லை. அவன் கண்ணெல்லாம் கலங்கி, ஓம் அம்மம்மா நான் செய்து தாறன், இன்ரநெற்றில பழைய ஊர் வீட்டுப் படம் எடுத்துச் செய்யலாம் எண்டான். நான் மறிச்சன். அவன்ட மகளுக்கு 7 வயசு, அவளும் அதைப் போடுவாள், ஆற்றையோ வீட்டுக்குள்ள தான் ஓடி விளையாடினதா அவளுக்கு ஞாபகம் நிக்கும். அம்மாவுமே கடைசியில எது தன்ர கிணறு எண்டு குழம்பிப்போவா.

அதால இப்ப என்ன செய்யிறம் எண்டா, அம்மா ஒரு கொப்பியில கீறுறா. கிணறு கிழக்கால, துலாக்கால் பூவரசு, வேலியில கிளுவை, குசினிக்குப் பின்னால கறிவேப்பிலை, வாசலில படி மூண்டோ நாலோ எண்டு ரெண்டு நாளா யோசிச்சவ. பலாலியில இருந்த ரெண்டு மாமிமாரையும் கூப்பிட்டுச் சரி பாக்கிறம். அவை மூண்டு பேரும் ஒத்துக்கொண்டதை மட்டும் மருமகன் அங்க இருந்து செய்து அனுப்புவான். ஹெலி இல்லை, வானத்தில ஒரு சத்தமும் வேண்டாமெண்டு சொல்லியிருக்கிறன். அம்மா போடேக்க நான் பக்கத்தில கதிரையில இருப்பன், கையைப் பிடிச்சிருப்பன், அவ கழட்டு எண்டோன கழட்டுவன்.