கிரீன்பெல்ட்டில் கை வைக்காதே: ஒன்ராறியோ மக்கள் மீட்ட 7,400 ஏக்கர்

[காட்சி: உழுது போட்ட கரிய வயல். தூரத்தில் வரிசையாக ஒரே மாதிரியான கூரைகள்.]

வணக்கம். ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து வடகிழக்கே காரில் போயிருக்கிறீர்களா? ரூஜ் பூங்காவைத் தாண்டியதும் வீடுகள் சட்டென்று நின்றுவிடும். அதற்கப்பால் சோளமும் சோயாவும்தான். அந்த இடத்தில் நகரம் தானாக நிற்கவில்லை, சட்டம் அதை நிறுத்தி வைத்திருக்கிறது.

2005இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் நயாகராவில் தொடங்கி ரொறன்ரோவைச் சுற்றி ஏறக்குறைய 20 லட்சம் ஏக்கரைப் பாதுகாக்கப்பட்ட நிலமாக அறிவித்தது. அதுதான் கிரீன்பெல்ட்.

[காட்சி: மணலும் சரளையும் அள்ளிய கை. மேலிருந்து தண்ணீர் ஊற்ற, அது கீழே இறங்குகிறது.]

கிரீன்பெல்ட்டின் இந்த மண்ணைப் பாருங்கள். பனியாறுகள் உருகிப் பின்வாங்கியபோது விட்டுப்போன மணலும் சரளையும். ஓக் ரிட்ஜஸ் மொரெய்ன் என்று இதைச் சொல்வார்கள்; 160 கிலோமீட்டர் நீளமான மேடு. பெய்யும் மழையும் உருகும் பனியும் இதற்குள் இறங்கித் தங்கும். பிறகு மெல்ல மெல்லக் கசிந்து ஆறாக ஓடும். டொன், ஹம்பர், ரூஜ் மூன்றுக்கும் தலைமடை இந்த மேடுதான். இதன்மேல் தாரும் கொங்கிரீட்டும் போட்டு மூடினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? கீழே இருப்பவர்களின் வீட்டு பேஸ்மென்ட்டுக்குத்தான்.

2022 நவம்பர். கிரீன்பெல்ட்டைத் தொடமாட்டேன் என்று 2018இல் வாக்குக் கொடுத்திருந்த முதல்வர் டக் ஃபோர்டின் அரசு, 15 இடங்களில் 7,400 ஏக்கரை விடுவிக்கப் போவதாக அறிவித்தது. 50,000 வீடுகள் கட்டலாம், பதிலுக்கு வேறிடத்தில் 9,400 ஏக்கர் சேர்ப்போம் என்றார்கள்.

வீடு தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் இரண்டு வேலை பார்த்தும் வீடு வாங்க முடியாமல் தவிப்பதை நாமே பார்க்கிறோம். ஆனால் அதே அரசு நியமித்த வீட்டுவசதிக் குழு 2022 பெப்ரவரியில் கொடுத்த அறிக்கையைப் படியுங்கள். நிலப் பற்றாக்குறை இந்தப் பிரச்சினைக்குக் காரணம் இல்லை, நகருக்குள்ளேயும் கிரீன்பெல்ட்டுக்கு வெளியேயும் நிலம் இருக்கிறது என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். இந்த வயல்களில் பலவற்றிலோ கழிவுநீர்க் குழாயும் இல்லை, பஸ்ஸும் இல்லை. எல்லாவற்றையும் புதிதாக இழுத்துக் கட்டும் வீடு மலிவாக வரும் என்று நான் நம்பவில்லை.

[காட்சி: பிக்கரிங் வரைபடம். டஃபின்ஸ் ரூஜ் பகுதி பச்சையில்.]

விடுவித்ததில் மிகப் பெரிய துண்டு பிக்கரிங்கில் உள்ள டஃபின்ஸ் ரூஜ் விவசாயக் காப்பு நிலம். மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பக்கத்து நிலம். 1970களில் அரசு வாங்கி வைத்திருந்த இந்தக் காணியை, 1990களின் கடைசியில் விவசாயக் காணி விலைக்கே விற்றார்கள். ஒரு நிபந்தனை: என்றென்றைக்கும் விவசாயம் மட்டுமே. காணி உறுதியிலேயே எழுதப்பட்ட நிபந்தனை அது. 2022 டிசம்பரில் ஒரு சட்டத்தைப் போட்டு அதை நீக்கினார்கள். வயல் விலைக்கு வாங்கிய காணி, ஒரே நாளில் வீட்டு மனை ஆகிவிட்டது.

யாருக்கு லாபம்? 2023 ஆகஸ்டில் மாகாணத்தின் கணக்காய்வாளர் பொனி லைசிக் தன் அறிக்கையில் பதில் சொன்னார். நில உரிமையாளர்களுக்கு 828 கோடி டாலருக்கு மேல் மதிப்பு கூடியிருக்கலாம். 15 இடங்களில் 14ஐக் கொண்டுவந்தவர் வீட்டுவசதி அமைச்சரின் தலைமை அலுவலர். ஆய்வு செய்த சிறிய அதிகாரிகள் குழுவுக்குக் கிடைத்தது மூன்றே வாரம். சுற்றுச்சூழல் அளவுகோல்களுக்கு இடம் பொருந்தாதபோது, கைவிடப்பட்டது அளவுகோல்தான். எனக்கு நெஞ்சு கொதித்தது இந்த வரியில்தான்.

ஆனால் அறிக்கை வரும்வரை மக்கள் சும்மா இருக்கவில்லை. பொதுமக்கள் கருத்துக்கு 30 நாள் கொடுத்தபோது 35,000க்கும் மேற்பட்ட பதில்கள் வந்து குவிந்தன. மிகப் பெரும்பாலானவை எதிர்ப்பு. அரசு ஒரு ஏக்கரைக்கூட மாற்றவில்லை. வீட்டு முற்றங்களில் பலகைகள் முளைத்தன: 'கிரீன்பெல்ட்டில் கை வைக்காதே.' பனியிலும் அவை நின்றன. சட்டமன்ற உறுப்பினர்களின் அலுவலக வாசல்களில் விவசாயிகளும் பாட்டிமாரும் மாணவர்களும் கூடினார்கள். தங்கள் ஒப்பந்த உரிமை மீறப்பட்டதாகப் பூர்வகுடித் தலைவர்களும் எழுந்தார்கள்.

2023 செப்டம்பர் 4 அன்று வீட்டுவசதி அமைச்சர் ஸ்டீவ் கிளார்க் பதவி விலகினார். 21ஆம் திகதி நயாகரா ஃபோல்ஸில் முதல்வர் மேடையேறி, செய்தது தவறு என்று மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதம் கனடிய மத்திய பொலிஸ் விசாரணையைத் தொடங்கியதாக அறிவித்தது.

[காட்சி: அதே வயல். இப்போது இளம்பயிர்.]

2023 டிசம்பரில் 15 இடங்களும் கிரீன்பெல்ட்டுக்குத் திரும்பின. முன்பு அமைச்சரவை ஒழுங்குவிதியால் நகர்த்தக்கூடியதாக இருந்த எல்லை, இப்போது சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. மாற்ற நினைப்பவர்கள் சட்டமன்றத்தில், எல்லோரும் பார்க்க, அதைக் கொண்டுவர வேண்டும். டஃபின்ஸ் ரூஜ் காணிகளுக்கும் அந்தப் பழைய நிபந்தனை திரும்பிவிட்டது: என்றென்றைக்கும் விவசாயம் மட்டுமே.