மச்சு பிச்சு உயரமா, குஸ்கோ உயரமா? பெரு குரூப் டூர் பற்றி ஒரு கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்வி. கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஐயா அனுப்பியிருக்கிறார். நீளமான கேள்வி, சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். "எனக்கு 62 வயது, மனைவிக்கு 58. எனக்கு பிபி மாத்திரை உண்டு. பெருவுக்கு ஒன்பது நாள் குரூப் டூர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். மச்சு பிச்சு உயரம் எங்களுக்குத் தாங்குமா? சைவம் கிடைக்குமா? குரூப்பில் போவதா, நாங்களே போவதா?" கூடவே டூர்காரர்கள் கொடுத்த திட்டத்தையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். நல்லதாய்ப் போயிற்று. உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அந்தத் தாளிலேயே இருக்கிறது.

ஐயா, மச்சு பிச்சுவை நினைத்துப் பயப்படவே வேண்டாம். ஸ்பானியர்கள் வருவதற்கு முன் அந்த மலைகளை ஆண்ட இன்காக்கள் கட்டிய மலைநகரம் அது, உயரம் 2,430 மீட்டர்தான். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஊட்டிக்குப் போனபோது தொட்டபெட்டாவில் ஏறி நின்று டீ குடித்திருந்தால், மச்சு பிச்சுவைவிட உயரமான இடத்தில் நீங்கள் ஏற்கெனவே நின்றுவிட்டீர்கள். யோசிக்க வேண்டியது குஸ்கோவைப் பற்றி. இன்காக்களின் தலைநகரம் அதுதான், விமானம் இறங்குவதும் அங்கேதான். உயரம் 3,400 மீட்டர், ஏறக்குறைய நம் லடாக்கின் லே நகரம் மாதிரி. பெருவின் தலைநகரம் லிமா கடற்கரை ஊர். காலையில் கடல் மட்டத்தில் இட்லிக்கு ஏங்கிக்கொண்டு விமானம் ஏறினால், ஒன்றரை மணி நேரத்துக்குள் குஸ்கோவில் இறக்கிவிட்டுவிடுவார்கள். உடம்புக்கு என்ன நடந்தது என்றே புரியாது.

அங்கே காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் குறைவு, அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். நான் குஸ்கோ ஹோட்டலில் பெட்டியைத் திறந்தபோது, ஊரிலிருந்து கொண்டுபோன பிஸ்கட் பாக்கெட் எல்லாம் பந்து மாதிரி உப்பிக்கொண்டு கிடந்தன. முறுக்குப் பாக்கெட் ஒன்று வெடித்து, துணியெல்லாம் எள்ளும் சீரகமும். அதைப் பார்த்துச் சிரித்தோம். ராத்திரிதான் சிரிப்பு அடங்கியது.

எங்கள் குழுவில் பதினான்கு பேர். காலை ஒன்பது மணிக்கு இறங்கினோம், மதியம் இரண்டு மணிக்கு ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப் போய்விட்டார்கள். கொரிகாஞ்சா என்ற பழைய கோயில், அப்புறம் மேலே சாக்சாய்வாமான். அது இன்னும் உயரம், 3,700 மீட்டர். நூறு டன்னைத் தாண்டும் கற்களை அடுக்கிய மதில் அது. எல்லாரும் குதித்துக் குதித்துப் போட்டோ எடுத்தோம். சாயங்காலம்வரை ஒன்றும் இல்லை. இந்த உயர நோயில் இதுதான் சூது, இறங்கியவுடன் வராது, பல மணி நேரம் கழித்துத்தான் வரும். அங்கே அதை 'சொரோச்சே' என்பார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு என் தலையில் உலக்கை விழ ஆரம்பித்தது. குழுவிலேயே மோசமாகப் படுத்தது 28 வயதுத் தம்பி, தினமும் ஜிம்முக்குப் போகிறவர், வாந்தி நிற்கவில்லை. 66 வயது ரிட்டயர்டு டீச்சர் அம்மா ஒருவர், காலையில் ஜம்மென்று வந்து ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயதையோ தெம்பையோ வைத்து இதைக் கணிக்க முடியாது. அதனால் "62 வயதில் தாங்குமா" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதல் இரண்டு ராத்திரி எந்த உயரத்தில் தூங்கப்போகிறீர்கள், அதைப் பாருங்கள்.

இப்போது உங்கள் தாளுக்கு வருகிறேன். மூன்றாம் நாள் குஸ்கோவில் இறங்கி அன்றைக்கே சிட்டி டூர். நான்காம் நாள் வானவில் மலை. ஐந்தாம் நாள் புனிதப் பள்ளத்தாக்கு, ஆறாம் நாள் மச்சு பிச்சு, திரும்பக் குஸ்கோ, அப்புறம் திதிகாகா ஏரிக்கரை ஊரான பூனோ. இந்த வரிசை எனக்குப் பிடிக்கவில்லை. வானவில் மலை 5,000 மீட்டருக்கு மேல். குஸ்கோவுக்கு வந்த மறுநாள் விடியற்காலையில் எழுப்பி அங்கே கொண்டுபோய் விடுவது, நீச்சல் தெரியாதவரைக் கிணற்றில் தள்ளிவிட்டு "பழகிக்கொள்" என்பதுபோல.

இதையே திருப்பிப் போடச் சொல்லுங்கள். குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் ஊருக்குள் நிற்காமல், வண்டியில் நேரே உருபம்பா பள்ளத்தாக்குக்கு, அதாவது உங்கள் தாளில் உள்ள அந்தப் புனிதப் பள்ளத்தாக்குக்கு, இறங்கிவிட வேண்டும். சுமார் இரண்டு மணி நேரம். வழியில் சின்செரோ என்ற இடம் 3,760 மீட்டர் வரும், பரவாயில்லை, கடந்து போவதுதானே. உருபம்பாவோ ஒயாந்தாய்தாம்போவோ 2,800, 2,900 மீட்டர்தான். அங்கே இரண்டு ராத்திரி. அங்கிருந்தே ரயிலில் மச்சு பிச்சுவின் அடிவார ஊரான அகுவாஸ் கலியேந்தெஸ், அது இன்னும் தாழ்வு, சுமார் 2,040 மீட்டர். அங்கே ஒரு ராத்திரி. மச்சு பிச்சு பார்த்து முடித்த பிறகு கடைசியில் குஸ்கோ. அதற்குள் உடம்பு பழகியிருக்கும். அதன் பிறகு திதிகாகா ஏரி, 3,812 மீட்டர். அதே இடங்கள், அதே நாட்கள், ஹோட்டல் வரிசை மட்டும்தான் மாறுகிறது. வானவில் மலையை விட்டுவிடுங்கள். அதற்காக எனக்குத் திட்டு விழும், தெரியும். ஆனால் இன்கா சரித்திரத்தைப் பார்க்கப் போகிறவருக்கு அது அவசியமே இல்லை.

மருந்து பற்றி: அசிட்டசோலமைடு, கடைகளில் டயமாக்ஸ் என்று கேட்பார்கள், உயரத்துக்குப் போவதற்கு முந்தைய நாளே தொடங்குகிற மாத்திரை. உங்களுக்கு பிபி மாத்திரை இருப்பதால் உங்கள் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர் என்றால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். விரல் நுனிகளில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். தெரியாமல் போனால் இதற்கே பயந்துவிடுவோம். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், பேச்சுக் குழறினால், அது வேறு விஷயம். உடனே கீழே இறங்க வேண்டும், டாக்டரைப் பார்க்க வேண்டும். "குழுவைக் கெடுக்கக் கூடாது" என்று நம் ஆட்கள் சொல்லாமல் மறைப்பார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள்.

குரூப்பா தனியா என்றால், முதல் தடவை, இந்த வயதில், ஸ்பானிஷ் தெரியாது என்றால் குரூப்தான். காரணம் மச்சு பிச்சு டிக்கெட். முன்பு மாதிரி உள்ளே போய் இஷ்டத்துக்குச் சுற்ற முடியாது. நேரம் குறித்த டிக்கெட், மூன்று சர்க்யூட், ஒருவழிப் பாதை. ஒன்றாம் சர்க்யூட்டில் மேலே இருந்து முழுக் காட்சி தெரியும், ஆனால் ஊருக்குள் இறங்க முடியாது. மூன்றாவது கீழ்ப்பகுதியோடு நின்றுவிடும். காலண்டரில் பார்க்கிற அந்தக் காட்சியும் வேண்டும், வீடுகளுக்கும் கோயில்களுக்கும் நடுவே நடக்கவும் வேண்டும் என்றால் இரண்டாம் சர்க்யூட். அதுதான் முதலில் தீர்ந்துபோகும். டூர்காரர்கள் தாளில் "மச்சு பிச்சு நுழைவுக் கட்டணம் உட்பட" என்று மட்டும் போட்டிருப்பார்கள். எந்த சர்க்யூட் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் பாஸ்போர்ட் எண் இருக்கும், நடுவில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உள்ளே கழிப்பறை கிடையாது, வாசலில்தான். மாத்திரை போடுகிறவர்கள் இதை மறக்காதீர்கள். கைத்தடி வேண்டுமென்றால் முனையில் ரப்பர் குமிழ் இருக்க வேண்டும், வயதானவர்களுக்கு அனுமதி உண்டு.

இன்னொன்றும் கேளுங்கள்: ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் கூட யார் இருப்பார்கள்? எங்கள் குழுவில் அந்தத் தம்பியை ஹோட்டலில் விட்டுவிட்டு கைடு மற்றவர்களோடு போய்விட்டார். வரவேற்பில் இருந்த பெண்தான் ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். அப்புறம் இன்ஷூரன்ஸ், எத்தனை மீட்டர் உயரம்வரை செல்லும் என்று பாலிசியில் பாருங்கள்.

ஒயாந்தாய்தாம்போவில் தங்கச் சொன்னதற்கு உயரம் மட்டும் காரணம் இல்லை. இன்காக்கள் போட்ட தெருக்களில் இன்றும் ஜனங்கள் குடியிருக்கிற ஊர் அது. தெருவோரக் கல் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், ராத்திரி அந்தச் சத்தத்தில்தான் தூங்கினேன். பகலில் பஸ் பஸ்ஸாக வந்து மலைமேல் கோயிலைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறார்கள். காலை ஏழு மணிக்குப் போங்கள், கூட்டம் இருக்காது, படிகளில் நின்று நின்று ஏறலாம். மேலே இளஞ்சிவப்புக் கல்லில் ஆறு பெரிய பலகைகள் நிற்கும். நடுநடுவே மெலிந்த கல் துண்டு செருகியிருப்பார்கள். அந்தக் கல்லை வெட்டியது ஆற்றுக்கு அக்கரையில், எதிர் மலையில். அங்கிருந்து இறக்கி, ஆற்றைத் தாண்டி, இந்த மலைமேல் ஏற்றியிருக்கிறார்கள், இரும்புக் கருவி இல்லாமல், சக்கர வண்டி இல்லாமல். வந்து சேராமல் வழியிலேயே நின்றுபோன கற்கள் இன்னும் கிடக்கின்றன. அவற்றுக்கு 'களைத்துப்போன கற்கள்' என்று பெயர். எனக்கு மச்சு பிச்சுவைவிட அந்தக் கற்கள்தான் மனதில் நிற்கின்றன. 1537இல் இன்கா அரசர் மான்கோ இன்கா, ஸ்பானியப் படையை இதே ஊரில்தான் தோற்கடித்துத் திருப்பி அனுப்பினார். கைடு இதைச் சொல்லாமல் விட்டால் நீங்களே கேளுங்கள்.

குஸ்கோவைக் கடைசியில் வைப்பதில் இன்னொரு லாபம், கொரிகாஞ்சாவை நிதானமாகப் பார்க்கலாம். சூரியன் கோயில். சுவரில் பதித்திருந்த தங்கத் தகடுகளை 1533இல் ஸ்பானியர்கள் பெயர்த்து உருக்கினார்கள், அதன்மேலேயே கிறிஸ்தவ மடத்தைக் கட்டினார்கள். 1950இல் பெரிய நிலநடுக்கம். மடம் பெருமளவு இடிந்தது, அடியில் இருந்த இன்காச் சுவர் அப்படியே நின்றது. பக்கத்தில் போய்ப் பாருங்கள், சுவர் நேராக நிற்காது, உள்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். வாசல்கள் மேலே குறுகி, கீழே அகன்றிருக்கும். சாந்து கிடையாது, இணைப்பில் நகம்கூட நுழையாது. தலைவலியோடு நின்றால் இதெல்லாம் கண்ணில் படுமா? முதல் நாள் எனக்குப் படவில்லை, கடைசி நாள் தனியாகப் போய்த்தான் பார்த்தேன்.

சைவம் கிடைக்கும், பட்டினி இல்லை. உருளைக்கிழங்கு பிறந்த மலையே அதுதான். கினோவா என்ற சிறுதானியம் மாதிரியான விதையில் செய்த சூப், பெரிய பெரிய மணியுள்ள வேகவைத்த சோளமும் பாலாடைக்கட்டியும் எங்கும் உண்டு. சூப்பில் கறித் தண்ணீர் இருக்கலாம், அதனால் "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" என்று சொல்லிப் பழகுங்கள். கறி, கோழி, மீன் வேண்டாம் என்று அர்த்தம். வெறும் சைவம் என்றால் கோழி வந்துவிட வாய்ப்பு உண்டு. சோறு இல்லாமல் முடியாது என்றால் 'சிஃபா' என்று போர்டு இருக்கும், சீன வழி உணவகங்கள், ஃபிரைட் ரைஸ் கிடைக்கும். ஊறுகாய் ஒரு பாட்டில் போதும். வீட்டுக்கார அம்மா பொடி வகைகளைக் கட்டத் தொடங்கினால் பையின் எடையைக் காட்டிச் சமாதானம் செய்யுங்கள், மச்சு பிச்சு ரயிலில் சின்னப் பைதான் விடுவார்கள்.

எப்போது போவது என்று நீங்கள் கேட்கவில்லை, சொல்லிவிடுகிறேன். மே முதல் செப்டம்பர் வரை மழை இல்லாத காலம். ஜூன், ஜூலையில் ராத்திரி குளிர் எலும்பில் ஏறும். ஜூன் 24 குஸ்கோவில் இந்தி ராய்மி சூரியத் திருவிழா, கூட்டம் நெரியும். பிப்ரவரி வேண்டவே வேண்டாம், நல்ல மழை, மச்சு பிச்சுவுக்கு நடந்தே போகும் இன்கா நடைபாதையையே அந்த மாதம் பராமரிப்புக்காக மூடிவிடுவார்கள்.

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பெருவிலிருந்து இந்தியா திரும்பும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள்வரை தனியே வைத்துவிடலாம். போட்டு பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். அறுபது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் கொஞ்சம் எச்சரிக்கை தேவை, ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள்.

அப்புறம் கோக்கா இலை. ஹோட்டல் வாசலிலேயே கொதிக்கக் கொதிக்க கோக்கா டீ வைத்திருப்பார்கள், அங்கே அது சட்டப்படியானது, வயிற்றுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த டீ பாக்கெட்டை நினைவுக்காக என்றுகூடப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். நம் ஊரில் கோக்கா இலை போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. டூர்காரர்கள் வரிசையை மாற்றித் தந்தார்களா என்று எழுதுங்கள் ஐயா. அடுத்த கேள்வி, ஒரு தங்கை கேட்டிருக்கிறார்.