சேறும் அஷ்டமியும்

நேயர்களுக்கு வணக்கம். கிள்ளானிலிருந்து பினாங்கு வரை கடலோரமாகவே கயாக் என்ற ஒடுங்கிய சிறு படகில் துடுப்புப் போட்டு வந்தவர்கள் என்று என்னையும் என் சித்தப்பா மகனையும் அறிமுகப்படுத்தினால், எல்லாரும் முதலில் எங்கள் கைகளைத்தான் பார்க்கிறார்கள். கைக்கு இதில் பெரிய பங்கில்லை. துடுப்பு வலிப்பது இடுப்பைத் திருப்பித்தான். தோளை மட்டும் நம்பினால் மத்தியானத்துக்குள் ஆள் சுருண்டுவிடுவான். அதைவிட முக்கியம், என்றைக்கு, எத்தனை மணிக்குத் தண்ணீரில் இறங்குகிறோம் என்பது.

நம் மேற்குக் கரையில் அலையைவிடச் சேறுதான் தொல்லை. சிலாங்கூரின் வடபகுதியிலும் பேராக்கிலும் பல இடங்களில் கரையே கண்ணில் படாது. எல்லாம் சதுப்புக் காடு, ஆற்று முகம், சேற்றுத் திட்டு. பேராக்கின் மாத்தாங் சதுப்புக் காடு மட்டுமே சுமார் 40,000 ஹெக்டேர். தண்ணீர் வற்றிய நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்தால், உங்களுக்கும் கரைக்கும் நடுவில் சேற்று வெளி கிடக்கும். கால் வைத்தால் முழங்காலுக்கு மேல் இறங்கும். ஐந்து மீட்டர் நீளப் படகு, அதற்குள் கூடாரம், அரிசி, குடிதண்ணீர். இதையெல்லாம் இழுத்துக்கொண்டு நடக்கவே முடியாது. தண்ணீர் திரும்பி வரும்வரை படகிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நம் மலாக்கா நீரிணையில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவை வற்றும். அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றமும் வற்றமும் அதிகம். கிள்ளான் துறைமுகத்தில் அப்போது வித்தியாசம் சுமார் 4 மீட்டர், பினாங்கில் ஏறக்குறைய அதில் பாதி. அரை நிலாவை ஒட்டிய நாட்களில் வித்தியாசம் குறையும், நீரோட்டமும் மந்தமாகும், சேறும் அவ்வளவாக வெளியே தெரியாது. அரை நிலா என்றால் நம் கணக்கில் அஷ்டமி. அப்புறம் நவமி. நல்ல காரியம் தொடங்கக் கூடாத நாளாகப் பார்த்துத் துடுப்பு எடுக்க வேண்டியிருக்கிறது! கடற்படையின் நீர்வரைவியல் மையம் வெளியிடும் ஓத அட்டவணையில், அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியலில், மணி, நிமிடம், உயரம் எல்லாம் இருக்கும். அதைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. ஆனால் எந்த வாரம் என்று முடிவு செய்ய, வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியே எனக்குப் போதுமாக இருந்தது.

"அஷ்டமியில யாராவது கடலுக்குப் போவாங்களாடி?" என்றார் அம்மா. சரி, நவமியில் கிளம்புகிறோம் என்றேன். போனை வைத்துவிட்டார்.

கடைசி நாள், பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள தென் கால்வாய் வழியாக ஏறினோம். தென்மேற்குப் பருவக் காலத்தில் சுமாத்ராவிலிருந்து வரும் இடிமழைக் காற்று பெரும்பாலும் விடியும் முன்னும் காலையிலும்தான் அடிக்கும். அதனால் மேற்கு வானம் வெளுத்த பிறகே படகைத் தள்ளினோம். கயாக்கில் உட்கார்ந்தால் கண் கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர்கூட உயராது. மூன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் கடல் மட்டத்தில் எதுவும் தெரியாது. 833 மீட்டர் உயரப் பினாங்கு மலை மட்டும் எவ்வளவோ தூரத்திலிருந்தே தெரியும், கிட்டே வரவே வராது. மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் போகிறவனுக்கு அதுதான் பெரிய சித்திரவதை.

2014இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலத்தைக் கடந்தால் ஜெரெஜாக் தீவு. கப்பலில் வந்த தொழிலாளர்களுக்கு நோய் இருக்கிறதா என்று இறக்கிவைத்துப் பார்த்த இடம். நாகப்பட்டினத்திலிருந்து ராஜுலா கப்பலில் வந்தவர் எங்கள் தாத்தா. தம்பி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் துடுப்பே போடவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் 1985இல் திறந்த முதல் பாலம், பெர்ரி ஓடும் பாதை. பெர்ரிக்காரருக்கு நம் படகு கண்ணில் படும் என்று நம்பவே கூடாது. அது போகும்வரை காத்திருந்து கடந்தோம்.

நீண்ட பயணம் முடிந்தால் மாலை போடுவார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஆஸ்கர் ஸ்பெக்கின் கதையைச் சொல்வேன். 1932இல் ஜெர்மனியில் மடக்கு கயாக்கில் கிளம்பி, இந்தியா, பர்மா, மலாயாக் கரைகளையெல்லாம் தாண்டி, 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் சைபாய் தீவில் இறங்கினார். அதற்குள் உலகப் போர் மூண்டுவிட்டது. போலீசார் பாராட்டிவிட்டு, எதிரி நாட்டவர் என்று பிடித்துக்கொண்டார்கள்.

எங்கள் பயணம் முடிந்த பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரையில் எங்களுக்கு அந்தக் கஷ்டம்கூட இல்லை. யாரும் கவனிக்கவில்லை. ஜெட் ஸ்கீ ஒரு பக்கம், பாராசூட் ஒரு பக்கம். கடைசியில் நல்ல மணல் கரை. படகை இழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். குடும்பத்தோடு வந்த ஒருவர் கயாக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வாடகை?" என்றார். தம்பி யோசிக்கவே இல்லை.

"சும்மாவே எடுத்துக்கிட்டுப் போங்க அங்கிள். திருப்பிக் கொண்டுவர வேண்டாம்."