ஒரு மூட்டை கோக்கோவும் ஒரு வாரியமும்

நேயர்களுக்கு வணக்கம். காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளின் பொருளாதாரம் ஏன் இன்னும் தடுமாறுகிறது என்று கேட்டால், வெள்ளைக்காரன் சுரண்டிவிட்டான் என்றோ, பின்னால் வந்தவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்றோ சொல்லிவிடுகிறோம். இந்த இரண்டு விடைகளும் சந்திக்கும் ஓர் அலுவலகத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். இப்போது கானா என்றும், 1957க்கு முன் கோல்ட் கோஸ்ட் என்றும் பெயர் பெற்ற நாட்டில், கோக்கோவைக் கொள்முதல் செய்வதற்காக அமைக்கப்பட்ட சந்தை வாரியம் அது.

அங்கே கோக்கோ பயிரிட்டவர்கள் தோட்டத் துரைமார்கள் அல்லர்; காட்டைத் திருத்தி, சொந்தப் பணத்தைப் போட்டு, குடும்பத்தோடு உழைத்த உள்ளூர் விவசாயிகள். காயை உடைத்து, வெள்ளைச் சதை ஒட்டிய கொட்டைகளை வாழையிலையில் குவித்து மூடி, ஏறக்குறைய ஆறு நாள் புளிக்கவிட்டு, பிறகு பாயில் பரப்பி, மழை வந்தால் சுருட்டி, வெயில் வந்தால் விரித்து அவர்கள் காய வைத்த சரக்குதான், 1911ஆம் ஆண்டிலேயே அந்த நாட்டை உலகின் முதன்மையான கோக்கோ ஏற்றுமதி நாடாக்கியது. யாரும் அவர்களுக்கு விவசாயம் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

விலைதான் அவர்கள் கையில் இல்லை. ஐரோப்பியக் கொள்முதல் நிறுவனங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு விலையை அமுக்கியபோது, 1937-38இல் விவசாயிகள் மாதக்கணக்கில் சரக்கை விற்க மறுத்தார்கள். அடுத்து உலகப்போர் வந்தது. பிரிட்டிஷ் அரசே முழுக் கொள்முதலையும் ஏற்றது. போர் முடிந்த பிறகும் அந்த ஏற்பாடு கலையாமல், 1947இல் வாரியமாக நிலைபெற்றது. நல்ல விலை கிடைக்கும் ஆண்டில் ஒரு பகுதியை எடுத்து வைத்து, விலை விழும் ஆண்டில் விவசாயிக்குக் கைகொடுப்பது என்பதுதான் சொல்லப்பட்ட நோக்கம். எடுத்து வைத்த பணமோ லண்டனில், பிரிட்டிஷ் கடன் பத்திரங்களில் கிடந்தது. போரில் நொடித்துப்போன ஒரு பேரரசுக்கு, சட்டைக்கும் மண்ணெண்ணெய்க்கும் கணக்குப் பார்த்த ஒரு விவசாயி, தன்னைக் கேட்காமலேயே கடன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சுதந்திரத்துக்கு முன்பே, விடுதலைப் போராட்டத் தலைவர் குவாமே நிக்ருமாவின் கட்சி உள்நாட்டு ஆட்சிப் பொறுப்புக்கு வந்துவிட்டது. 1954இல் அவருடைய அரசு, 60 பவுண்டு எடையுள்ள ஒரு சுமைக்கு 72 ஷில்லிங் என்று விலையைக் கட்டியது. டன்னுக்குக் கணக்கிட்டால் சுமார் 134 ஸ்டெர்லிங் பவுண்டு. அந்த ஆண்டு லண்டன் சந்தை விலையோ இதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் ஏறியிருந்தது. கோக்கோ விளையும் அசாந்தி நாட்டின் தலைநகரான குமாசியில், அதே ஆண்டு செப்டம்பரில் ஓர் எதிர்ப்பு இயக்கமே பிறந்தது. விலைக்கான சண்டை, மைய ஆட்சியா கூட்டாட்சியா என்ற சண்டையாக மாறியது.

நிக்ருமாவைப் பேராசைக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். பள்ளிகளும் சாலைகளும் துறைமுகமும் அகோசோம்போ அணையும் வேண்டுமென்றால் பணம் வேண்டும். அவர் கைக்கெட்டிய பெரிய வருவாய் கோக்கோ ஒன்றுதான். ஆனால் விவசாயிக்குச் சேரவேண்டிய தொகையை வழியிலேயே எடுத்துக்கொள்ளும் வசதியை வெள்ளையர் அமைத்து வைத்திருந்தார்கள். அதைக் கலைக்க புதிய அரசுக்கு மனம் வரவில்லை. 1965இல் உலகச் சந்தையில் கோக்கோ விலை சரிந்தது. 1966 பிப்ரவரியில், நிக்ருமா வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது, ராணுவம் ஆட்சியைப் பிடித்தது.

பின்வந்த ராணுவ அரசுகளும் சிவில் அரசுகளும் வாரியத்தை விடவில்லை. எழுபதுகளில் கானாவின் நாணயமான ‘சிடி’யின் மதிப்பைச் செயற்கையாக உயர்த்தி வைத்ததால், வாரியம் கொடுத்த விலையில் எதுவும் வாங்க முடியாமல் போனது. மேற்கே ஐவரி கோஸ்டில் நல்ல விலை. இரவில் மூட்டைகள் எல்லையைக் கடந்தன. பலர் வயதான மரங்களைப் பிடுங்கிப் புதுக் கன்று நடுவதையே நிறுத்தினார்கள். 1964-65இல் 5 லட்சம் டன்னைத் தாண்டிய விளைச்சல், வறட்சியும் காட்டுத்தீயும் சேர்ந்துகொள்ள, 1983-84இல் 1.6 லட்சம் டன் அளவுக்கு இறங்கியது. அதற்குள் ஐவரி கோஸ்ட் முதலிடத்தைப் பிடித்துவிட்டது.

எண்பதுகளின் சீர்திருத்தத்துக்குப் பிறகு விவசாயியின் பங்கு கூடியது, விளைச்சலும் மீண்டது. வாரியம் இன்றும் இருக்கிறது. விவசாயிக்குக் கிடைக்கும் விலையை இன்றும் அரசுதான் அறிவிக்கிறது. எல்லையோர ஊர்களில், அக்கரை விலையையும் விசாரித்த பிறகே மூட்டை எந்தப் பக்கம் போவது என்று தீர்மானிப்பவர்கள் இருக்கிறார்கள். வணக்கம்.