காலர் போன் உடைஞ்சிருக்கா? ஆபரேஷன் தேதி வாங்கறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

வணக்கம்ங்க, எல்லாரும் எப்படி இருக்கீங்க? இன்னைக்கு நான் நல்ல கோவத்துல இருக்கேன். காரணம் என் கையில இருக்கு, கேமராவுக்குக் கிட்டக்க காட்டறேன், பாருங்க. ரெண்டு அக்குளுக்கும் ரெண்டு வளையம், உள்ள பஞ்சு. முதுகுல எட்டு வடிவத்துல குறுக்க போற பட்டை, நடுவுல வெல்க்ரோ. மருந்துக் கடையில கிளாவிக்கிள் பிரேஸ்னு கேட்டா இதத்தான் எடுத்துக் குடுப்பாங்க. 480 ரூபா. இதுக்குப் பக்கத்துல அதே தட்டுல துணிப் பை மாதிரி ஆர்ம் பவுச் ஒண்ணு தொங்குது, அது 220. நம்ம சேனல் பாக்கறவங்களுக்குத் தெரியும், எனக்கு விலை ஜாஸ்தியா இருந்தாக்கூடப் பரவாயில்ல, உபயோகமில்லாத பொருளுக்கு ஜாஸ்தி விலைன்னா ஆறவே ஆறாது.

பெங்களூருல மழை ஆரம்பிச்சாச்சு. பள்ளம் தெரியாம ஸ்கூட்டர் இறங்குது, ஆள் பக்கவாட்டுல விழறாரு, தோள்பட்டை நேரா தரையில மோதுது, காலர் போன் போயிடுது. அல்சூர், ஸ்ரீராம்புரம் பக்கத்துலேர்ந்து நம்ம ஆளுங்க எக்ஸ்-ரே அனுப்பினா, பத்துல எட்டு எலும்போட நடுப்பகுதியிலதான் உடைஞ்சிருக்கும். உலகம் பூரா அதே கணக்குதான். அனுப்பறவங்க முக்காவாசி பேர் இந்த பிரேஸ இறுக்கி மாட்டிட்டு, "நாளைக்கே பிளேட் போடணும்னு சொல்லிட்டாங்க, என்ன பண்றது?"ன்னு கேக்கறாங்க. பிளேட்னா, ஆபரேஷன் பண்ணி உடைஞ்ச எலும்பு மேல ஸ்க்ரூ போட்டு இறுக்கற உலோகத் தகடு.

முதல்ல பிரேஸ முடிச்சுடறேன். நடுவுல உடைஞ்சா, நெஞ்சுப் பக்கத்துத் துண்டக் கழுத்துத் தசை மேல தூக்கும். தோள் பக்கத்துத் துண்டு, கையோட கனத்துல கீழ இறங்கும், மார்புத் தசை அத உள்ள இழுக்கும். கீழ இறங்கறதுக்குக் காரணம் கையோட கனம். அந்தக் கனத்த இந்த பிரேஸ் தாங்கவே இல்ல, தோள பின்னாடி மட்டும்தான் இழுக்குது. அதுவும் இறுக்கமாப் போட்டா அக்குள்ல ஓடற நரம்பையும் ரத்தக்குழாயையும் அழுத்தும், விரல் மரத்துப் போகும், கை வீங்கும். 1987லயே டென்மார்க்ல இந்த எட்டுக் கட்டையும் பவுச் மாதிரி சாதாரணத் தூளியையும் ஒப்பிட்டுப் பாத்துட்டாங்க. எலும்பு சேந்த விதத்துல வித்தியாசமில்ல, எட்டுக் கட்டு போட்டவங்களுக்குத் தொந்தரவு ஜாஸ்தி. அப்புறமும் இத 480 ரூபாய்க்கு வித்துட்டிருக்காங்க! பவுச் வாங்குங்க. போதும்.

புத்தூர் கட்டு போகலாமான்னும் கேக்கறீங்க. மூச்சு விட்டாலே அசையற எலும்பு இது. எந்தக் கட்டாலயும் இத இழுத்து நேராக்கி அப்படியே பிடிச்சு வெக்க முடியாது. இதுல கட்டு சேத்து வெக்கறதில்ல, எலும்பு தானா சேருது.

சரி, ஆபரேஷன். யோசிக்கவே நேரமில்லாத கேஸ் எது? தோல கிழிச்சு எலும்பு வெளிய வந்திருந்தா. வெளிய வரல, ஆனா உள்ளேர்ந்து குத்தி அந்த இடத்துத் தோல் வெளுத்து, இழுத்துப் பிடிச்ச மாதிரி இருந்தா. கை ஜில்லுன்னு ஆகி நாடி கிடைக்கலன்னா, விரல் அசையலன்னா. அன்னைக்கே போகணும். மூச்சு வாங்கினா நெஞ்சு எக்ஸ்-ரேவும் உடனே எடுக்கணும், கூட விலா உடைஞ்சு நுரையீரலக் குத்தியிருக்கலாம்.

மத்தவங்களுக்கு நேரம் இருக்குங்க. நாளைக்கேன்னு ஒண்ணும் இல்ல. ரெண்டு வாரம், மூணு வாரத்துக்குள்ள பிளேட் போட்டா ஆபரேஷன் சுலபமாவே இருக்கும். அதுக்குள்ள ஒரு உருப்படியான எக்ஸ்-ரே எடுங்க. இதச் சொல்லத்தான் இந்த வீடியோவே.

கேஷுவாலிட்டியில படுக்க வெச்சு எடுத்த எக்ஸ்-ரேய வெச்சு முடிவு பண்ணாதீங்க. படுத்திருக்கும்போது கை கீழ தொங்கல, துண்டுங்க கிட்டக்கிட்ட இருக்கற மாதிரி தெரியும். நின்னுட்டு எடுத்தா உண்மையான இடைவெளி தெரியும். ரெண்டு கோணம் வேணும்: ஒண்ணு நேரா, இன்னொண்ணு கீழேர்ந்து மேல சாய்ச்சு. கூடவே ரெண்டு பக்கமும் ஒரே படத்துல வர்ற மாதிரி ஒண்ணு எடுத்து, நல்ல பக்கத்து நீளத்தோட அளந்து பாக்கச் சொல்லுங்க. எத்தன மில்லிமீட்டர் குறைஞ்சிருக்குன்னு டாக்டர் கிட்ட நம்பராக் கேளுங்க. முனையோட முனை தொடவே இல்லன்னாலோ, 20 மில்லிமீட்டருக்கு மேல சுருங்கியிருந்தாலோ, நடுவுல ஒரு துண்டு குறுக்க நட்டமா நின்னாலோ ஆபரேஷன் பத்திப் பேச வேண்டியதுதான். முனைங்க ஒண்ணுக்கொண்ணு தொட்டுட்டு இருந்தா பவுச்சே போதும்.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். நான் சொல்றதெல்லாம் நடுப்பகுதி முறிவுக்கு. தோள் மூட்டுக்கு ஒட்டின வெளி முனையில உடைஞ்சு, கீழ இருக்கற தசைநாரும் அறுந்திருந்தா அது சரியாச் சேராம போற வாய்ப்பு ரொம்பவே அதிகம். அதுக்குக் கணக்கே வேற. சின்னப் பசங்களுக்கும் வேற, பெரும்பாலும் பவுச்லயே அழகாச் சேந்துடும்.

பெரியவங்க காலத்துல எல்லாருக்கும் தூளி கட்டித்தானே அனுப்பினாங்க, இப்ப மட்டும் ஏன் பிளேட்? 1960ல அமெரிக்காவுல நீர்னு ஒரு டாக்டர், ஆபரேஷன் இல்லாமப் பாத்த 2,235 பேர்ல 3 பேருக்குத்தான் எலும்பு சேரலன்னு எழுதினாரு. அதத்தான் ரொம்ப வருஷம் எல்லாரும் பிடிச்சுட்டிருந்தாங்க. அப்புறம் நல்லா விலகின முறிவ மட்டும் தனியா எடுத்துப் பாத்தாங்க. கனடாவுல 2007ல 132 பேர், ஸ்காட்லாந்துல எடின்பரோ டாக்டர்கள் தலைமையில 2013ல 200 பேர். 2013 ஆராய்ச்சியில பிளேட் போட்டவங்கள்ல 1 ஆளுக்கு எலும்பு சேரல, போடாதவங்கள்ல 16 பேருக்குச் சேரல. பெரிய வித்தியாசம்தான். ஆனா அதே ஆராய்ச்சியில இன்னொரு விஷயம் இருக்கு, அத யாரும் எடுத்துச் சொல்றதில்ல. எலும்பு சேராதவங்கள ஒதுக்கிட்டுப் பாத்தா, தோள் வேலை செய்யற விதத்துல பிளேட் போட்டவங்களும் போடாதவங்களும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அப்படின்னா பிளேட் உங்களுக்கு முக்கியமாக் குடுக்கறது, எலும்பு சேராமப் போறதுலேர்ந்து ஒரு பாதுகாப்பு. ஆறேழு பேர்ல ஒருத்தருக்குத்தான் அது நிஜமா வேண்டியிருக்கு. நீங்க அந்த ஒருத்தரா இருக்க வாய்ப்பு எவ்வளவுன்னு பாக்கணும். சிகரெட் பிடிச்சா வாய்ப்பு ஏறும். எலும்பு நொறுங்கியிருந்தா ஏறும், வயசானா ஏறும்.

அப்புறம் உங்க வேலை. டெலிவரி ஓட்டறவங்க, கே.ஆர். மார்க்கெட்ல மூட்டை தூக்கறவங்க, இவங்களுக்கு முதல் மூணு மாசம் ரொம்ப முக்கியம். பிளேட் போட்டா அந்த மூணு மாசத்துல கை சீக்கிரம் வழிக்கு வரும். ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா அந்த லாபம் பெருசாத் தெரியாது. லேப்டாப் முன்னாடி உக்காரற வேலைன்னா அந்த அவசரமே இல்ல. அதுவும் ஒல்லியா இருந்தா பிளேட் தோலுக்கு அடியில கையில தட்டுப்படும், பேக் பட்டை சரியா அது மேலதான் உக்காரும். உறுத்துதுன்னு ஒன்றரை வருஷம் கழிச்சுக் கழட்ட வர்றவங்க நிறைய. அது இன்னொரு ஆபரேஷன், இன்னொரு பில். வெட்டின இடத்துக்குக் கீழ மார்புல ஒரு பட்டை அளவு மரத்துப் போறதும் சகஜம், அங்க ஓடற மெல்லிய நரம்புங்க அறுபடும். இத ஆபரேஷனுக்கு முன்னாடியே சொல்லணும். சொல்லாம விட்டா எனக்குக் கோவம் வரும்.

எஸ்டிமேட் வாங்கினா பிளேட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் தனியா விலை போடச் சொல்லுங்க. ஸ்டீலா டைட்டானியமா, எந்தக் கம்பெனி, எத்தன ஸ்க்ரூ. பொதுவா முறிவுக்கு ரெண்டு பக்கமும் மூணு மூணாவது போடுவாங்க. பேக்கெட்ல வர்ற ஸ்டிக்கர ஃபைல்ல ஒட்டச் சொல்லி வாங்குங்க, பின்னாடி கழட்டறப்ப எந்த ஸ்க்ரூ டிரைவர் வேணும்னு டாக்டருக்கு அதுலதான் தெரியும். பணம் இடிக்குதுன்னா ஜெயநகர்ல அரசோட சஞ்சய் காந்தி ட்ராமா ஆஸ்பத்திரி, சிவாஜி நகர்ல பௌரிங் இருக்கு. கூட்டம் இருக்கும், காலையில சீக்கிரம் போங்க.

பவுச்தான்னு முடிவு பண்ணினா, இப்பப் போட்டுக் காட்டறேன். முழங்கை பையோட பின் மூலை வரைக்கும் போய் உக்காரணும். முன்னாடி நழுவிட்டா கனம் பூரா கழுத்துல வந்துடும். மணிக்கட்டு முழங்கைய விடக் கொஞ்சம் ஒசரத்துல. பட்டை நல்ல பக்கத்துத் தோள் மேல போகட்டும். முதல் நாள்லேர்ந்தே ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ கைய வெளிய எடுத்து முழங்கைய நீட்டி மடக்குங்க, விரல் அசைங்க, இல்லன்னா முழங்கை இறுகிடும். சட்டை போடறப்ப அடிபட்ட கை முதல்ல, கழட்டறப்ப அது கடைசி. அக்குளக் கழுவறப்ப முன்பக்கமாக் குனிஞ்சு கைய தொங்க விடுங்க, தானா இடம் கிடைக்கும். தூக்கம் முதல் வாரம் தலகாணி அடுக்கி, பாதி உக்காந்த மாதிரி.

முதல் ரெண்டு வாரம் உள்ள "கடக்"னு அசையும், பயப்பட வேண்டாம். வலி குறைஞ்சதும் முன்னாடி குனிஞ்சு கைய ஊசலாட்டலாம். தோள் ஒசரத்துக்கு மேல கையத் தூக்கறது ஆறு வாரம் போகட்டும், மூட்டை தூக்கறது மூணு மாசம். சேந்த இடத்துல ஒரு புடைப்பு நிக்கும், அது புது எலும்பு. போகப் போகக் கொஞ்சம் கரையும், முழுசாப் போகாது.

இத மட்டும் மறக்கவே கூடாது: ரெண்டாவது வாரம் திரும்ப ஒரு எக்ஸ்-ரே, அதுவும் நின்னுட்டு. முதல் நாள விட நல்லா விலகியிருந்தா அப்பவும் பிளேட் போட நேரம் இருக்கு. வலி குறைஞ்சிடுச்சுன்னு அத விட்டுட்டு ஆறு மாசம் கழிச்சு, எலும்பு சேரலன்னு வந்தா, இடுப்பு எலும்புலேர்ந்து கொஞ்சம் எடுத்து வெச்சுப் போட வேண்டி வரலாம். அடுத்த வீடியோ வெளி முனை முறிவு, அதுக்குப் போடற ஹூக் பிளேட். கேள்விகள இப்பவே அனுப்பிடுங்க, எக்ஸ்-ரே அனுப்பறவங்க நின்னு எடுத்ததா படுத்து எடுத்ததான்னு கூடவே எழுதிடுங்க.